மாட்டினவர்தான் கழற்றணும்

ஜனவரி 12

என்னைத் திட்டியே ஆளாக்கிய அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: பதினான்கு மாதங்களாக ஓய்வின்றிச் சொட்டிக்கொண்டிருந்த நம் வீட்டுச் சமையலறைக் குழாய், சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அப்பா நேரில் வந்து பார்வையிட்டார். அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அம்மா பணி ஓய்வு கொடுத்தாள். குழாயைச் சரிசெய்தவர் யார் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

இங்கே நான், அம்மா, அப்பா, அம்மாவின் முழங்கால் ஆகிய நால்வரும் நலம். அங்கே நீயும் உன் காற்றழுத்தமும் நலமா?

நீ கிளம்பும்போது போட்ட மூன்று சட்டங்களும் நினைவில் உள்ளன. பரீட்சையில் தேற வேண்டும். உன் சைக்கிளைத் தொடக் கூடாது. அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது. முதல் இரண்டையும் மீறிவிட்டதால் மூன்றாவதையாவது காப்பாற்றலாம் என்று பார்க்கிறேன். ஆனால் லிஃப்டைப் பற்றி எழுதக் கூடாது என்று சட்டம் இல்லையே? லிஃப்ட் நலம். மாதாமாதமும், நடுவில் எது பழுதானாலும், அதைப் பார்க்க ஒரு மெக்கானிக் வருகிறார். போனில் ஆளைத் தேடித் தரும் செயலி ஒன்று நாலு வருடத்துக்கு முன் உனக்கு ஒருவரைக் காட்டி, 'ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறார்' என்றதே, அந்த நேரம் அவர் நம் தலைக்கு மேலே மொட்டை மாடி மோட்டார் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாரே, அவர்தான் இவர் என்று நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாலு வருடம் பழகியவர் 'கல்யாணம் பண்ணிக்கலாமா' என்று கேட்டால், பெண்கள் யோசிக்க நேரம் கேட்பார்கள், அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார்கள். நடுக்கடலில் ஒரு பாறைமேல் இருக்கும் வானிலை நிலையத்துக்கு ஒன்பது மாதம் வேலை வாங்கிக்கொண்டு போனது நீ ஒருத்திதான். என்னிடம் கேட்டிருக்கலாம். பதினாறு வயதில் கடைசி பெஞ்சில் காதல் ஆலோசனை மையம் நடத்துகிறேன். ஏழு பேருக்கு நான்தான் குறுஞ்செய்தி எழுதித் தருகிறேன், இரண்டு பேருக்குப் பிரிவுச் செய்தியும் சேர்த்து. என் சொந்த விவகாரமும் ஓகோ என்றுதான் போகிறது. ஐந்தாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணும் நானும் தினமும் காலையில் ஒன்றாகத்தான் லிஃப்டில் இறங்குகிறோம். ஆறாவது மாடியிலிருந்து நான் வருவேன், ஐந்தில் அவள் ஏறுவாள், தரைத்தளம் வரை சிரிப்புதான்.

நீ அங்கே காற்றை அள. நான் இங்கே கதை அளக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அருமைத் தம்பி,
டமாரம்

ஜனவரி 14

அன்பு டமாரத்துக்கு,

நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, கடிதத்தின் சத்தமே சொல்லிவிட்டது. அம்மாவின் முழங்காலை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்.

இங்கே தொலைபேசி வானிலை அறிக்கை அனுப்ப மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் சரக்குப் படகுதான் வழி. வந்தால் நாலு மணி நேரம் நிற்கும். அதற்குள் மூட்டைகள் மேலே ஏற வேண்டும், நான் உன் கடிதத்தைப் படித்துப் பதிலும் எழுதிப் படகில் சேர்க்க வேண்டும். மூட்டைகளைக் கம்பிக் கயிற்றில் தொங்கும் ஓர் இரும்புக் கூண்டு தூக்குகிறது. பாதி வழியில் முனகும். மனிதர்கள் அதில் ஏறக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் பாறையில் வெட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு படிகளில் ஏறுகிறோம்.

காலையில் பலூன் விடுகிறேன். அது மேலே போகப் போகக் காற்றின் வேகம் சொல்லும். மூன்று நாளைக்கான வானிலையைத் தைரியமாகச் சொல்கிறோம். ஐந்தாம் நாளைக் கேட்டால் தயங்குவோம். பத்தாம் நாளைக் கேட்டால் எங்கள் அதிகாரி சிரித்துவிடுவார். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

அம்மா எழுதியிருக்கிறாள், மூன்று மாதத்தில் உனக்கு இரண்டாவது ஜோடி ஷூ வாங்கினாளாம். லிஃப்டில் சிரித்தபடி இறங்குகிறவனுக்கு ஷூ எப்படித் தேய்கிறது?

குழாயில் வாஷரை மட்டும் மாற்றினதா, குழாயையே மாற்றினதா? சும்மா கேட்டேன். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 2

பாறையரசி அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு அம்மா நாள்தோறும் வானத்தைப் பார்க்கிறாள். மேகம் தெரிந்தால் நீ அனுப்பியது என்கிறாள்.

வாஷரை மட்டும்தான் மாற்றினது. ஷூ விஷயம்: அம்மா தினமும் 'படி, படி' என்கிறாள், நானும் படிப்படியாகத் தேய்கிறேன். இதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

இப்போது ஒரு குற்ற அறிக்கை. சென்ற சனிக்கிழமை காலை மோட்டார் அறைக்குள் நுழைந்து, லிஃப்டின் பெரிய சுவிட்சை அணைத்து, ஆணியில் தொங்கிய சிவப்புப் பலகையை அதன்மேல் மாட்டிவிட்டு வந்தேன். 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்று அதில் எழுதியிருக்கும். குடியிருப்போர் உடல்நலத்தைக் கருதித்தான் செய்தேன். ஆறு மாடியும் மூச்சிரைத்தது. நாலாம் மாடிக் கணக்கு வாத்தியார் மூன்று தளத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பிறகு மெக்கானிக் சார் வந்தார்.

வந்தவர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? போடவில்லை. பலகையைப் பார்த்தார், கைகட்டி நின்றார். காவலாளி, "யாரோ விளையாட்டுக்கு மாட்டிட்டான் சார், கழற்றிப் போடுங்க" என்றார்.

"மாட்டினவர்தான் கழற்றணும். உள்ள யாராவது கை வச்சிட்டிருந்தா? எங்க வேலையில அடுத்தவர் மாட்டின பலகையத் தொடக் கூடாது."

உள்ளே ஒருவரும் இல்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் படியில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தார். அதைச் சாப்பிட அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு பரீட்சை எழுதியிருக்கலாம். இரண்டு மணி நேரம், அக்கா. கடைசியில் நானே போய்ப் பலகையைக் கழற்றினேன். 'நீதானா' என்றுகூடக் கேட்கவில்லை. "நல்லது, இப்ப போடு" என்றார். யாரிடமும் சொல்லவும் இல்லை.

பிறகு ஒவ்வொரு கம்பியாகக் கையால் தடவிப் பார்த்தார். முடித்ததும் தான் மட்டும் லிஃப்டில் ஏறி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே ஒருமுறை போய்வந்தார். தான் முதலில் ஏறாமல் வேறு யாரையும் ஏற்ற மாட்டாராம். சுவரில் தொங்கும் அட்டையில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒன்றில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதக் கட்டத்திலும் சேர்த்துப் போட்டுவிட்டால் வேலை மிச்சம்தானே என்று யோசனை சொன்னேன். அடுத்த மாதம் வந்து பார்த்துவிட்டுத்தான் போட வேண்டுமாம். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

என் பரீட்சையைக் கேட்டார். அம்மாவின் முழங்காலைக் கேட்டார். குழாயைக்கூடக் கேட்டார். உன்னைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. சட்டப்படி இதை நான் எழுதியிருக்கக் கூடாது.

குளிரில் பத்திரமாக இரு.

குற்றவாளி எண் ஒன்று,
டமாரம்

பிப்ரவரி 4

டமாரம்,

நலம், நீயும் அப்படியே இரு. கணக்கு வாத்தியாரிடம் மன்னிப்புக் கேள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நேரம் போய்விட்டது, சுருக்கமாக எழுதுகிறேன்.

இதோடு ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அவருக்கு. ஆனால் நீயாகப் போய் நீட்டக் கூடாது. என்னைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் கொடு. 'அக்கா எப்படி இருக்கா' என்று ஒரு வார்த்தை போதும். படகு மறுபடி இங்கே வருவதற்குள் கேட்டால் கொடு. கேட்காவிட்டால் அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிவிடு, நான் புரிந்துகொள்வேன். பிரிக்காதே. வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். யாராக இருந்தாலும் கேட்பார்கள்தானே.

அம்மாவிடம் உறையைப் பற்றி வாய் திறக்காதே.

அக்கா

பிப்ரவரி 23

மகிழ்ச்சிக்குரிய அக்காவுக்கு,

யாவரும் க்ஷேமம். நீயும் க்ஷேமமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்ததும் இரு மடங்கு.

வெற்றி. காரியத்தை யாரிடம் ஒப்படைத்தாய் என்பதை மறந்துவிடாதே. பத்தாம் தேதி மாலை மெக்கானிக் சார் வந்தார். நான் தற்செயலாக அந்தப் பக்கம் போவதுபோலப் போனேன். திருப்புளியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். ஜன்னல் வழியே தூரத்து வானத்தைப் பார்த்து, "அக்கா எப்படி இருக்கா?" என்றார். குரல் தழுதழுத்தது. உறையை நீட்டினேன். கை நடுங்க வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணோரம் ஒரு துளி. மோட்டார்கூட ஒரு நிமிடம் ஓடாமல் மரியாதை செய்தது.

ஆலோசனை மையத்துக்கு இதுவரை வந்த எட்டு வழக்கும் வெற்றி என்று பலகை எழுதி மாட்டலாம் என்றிருக்கிறேன். ஐந்தாம் மாடி விவகாரமும் முன்னேற்றம். நேற்று என் பையை அவள் பிடித்துக்கொண்டாள்.

பேட்டரியும் உனக்குப் பிடித்த கனத்த காலுறையும் அம்மா அனுப்பியிருக்கிறாள். ஜலதோஷம் வராமல் பார்த்துக்கொள்.

வெற்றி வீரன்,
டமாரம்

பிப்ரவரி 25

தம்பிக்கு,

நலம். அனைவரும் நலம் என்று அறிந்தேன்.

பேட்டரி வந்தது. காலுறை வந்தது. மாவு இரண்டு மூட்டை, மண்ணெண்ணெய், புதிய காற்றுமானி எல்லாம் வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

இன்று காலையிலேயே படித்துறைக்கு இறங்கிப்போய் நின்றேன். காற்று மிதமாக இருந்தது. அலை ஓர் அடிதான். படகு வர நல்ல நாள்.

அடுத்த முறை எழுத நிறைய இருந்தால் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன். உன் போன கடிதத்தை அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கடா?" என்றாள். என்னைத் திட்டாத கடிதம் உன்னிடமிருந்து வந்ததே கிடையாது. காய்ச்சலா?

லிஃப்ட் நலம். இந்த மாதக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்துவிட்டது. இரண்டாம் மாடியில் ஒரு பாட்டியின் சக்கர நாற்காலி கதவு இடுக்கில் தட்டிக்கொண்டே இருந்தது. புகார் யாரும் கொடுக்கவில்லை. மெக்கானிக் சார் தரையில் படுத்து, தளத்துக்கும் லிஃப்டுக்கும் இடையில் இருந்த விரல் அகல வித்தியாசத்தை அரை நாள் செலவழித்துச் சமப்படுத்தினார். அந்தம்மா ஒன்றும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். இவர் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். ஒரு நன்றிகூட வாங்கிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் ஒலிபெருக்கி வைத்திருப்பேன்.

ஒரு சந்தேகம். அந்த உறைக்குள் என்ன எழுதியிருந்தாய்? அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். நல்ல செய்தியா, மற்ற செய்தியா என்று மட்டும் சொன்னால் போதும்.

சூடாக எதையாவது குடி.

டமாரம்

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் அப்படியே சொல்.

கேட்டாய், சொல்கிறேன். உனக்கும் பதினாறு ஆகிவிட்டது.

இங்கே வேலை பார்ப்பவருக்கு ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு பார்வையாளர் சீட்டு. ஓர் ஆள், ஒரு படகு, நாலு மணி நேரம். தேதி போட்டுத்தான் தருவார்கள், மாற்ற முடியாது. என் சீட்டைப் பிப்ரவரி 25-க்கு வாங்கி அந்த உறையில் வைத்தேன். கடிதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. நேரில் வந்தால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டார். வரவில்லை. அதுவும் ஒரு பதில்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஓடுவதில் நான்தான் முதலில் ஓடியவள். இரண்டு வருட உத்தரவாதம் உள்ள மிக்சியை வாங்கக்கூட ஆறு மாதம் யோசித்தேன், நினைவிருக்கிறதா? அவரைப் பிடிக்காமல் இல்லை. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவரைப் பிடிக்காமல் போனதில்லை. 'எப்பவும்' என்று ஒரு வார்த்தை சொன்னார் பார், அங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது. மூன்று நாளுக்கு மேல் வானத்தைப் பற்றியே உறுதி சொல்ல முடியாதவள் நான். நாற்பது வருடத்துக்கு என்னைப் பற்றி எப்படிச் சொல்வேன்?

இனி லிஃப்டைப் பற்றியும் எழுத வேண்டாம்.

இங்கே கூண்டு நின்றேவிட்டது. கம்பிக் கயிறு இழை இழையாகப் பிரிந்திருக்கிறது. மூட்டைகளைத் தோளில் சுமந்து படியேற்றுகிறோம். மெக்கானிக் வேண்டும் என்று அதிகாரி கரைக்குச் செய்தி அனுப்பியும், மூன்று வாரம் பாறையில் தங்க ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நீ சொன்னதைச் சரியாகச் செய்தாய்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும்.

இந்த முறை வேடிக்கை எதுவும் இல்லை. அம்மா அப்பா நலம். நான் பரவாயில்லை.

இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டுவருகிறவர்மேல் கோபப்படாதே. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. முதலில் தண்ணீர் கொடு.

தம்பி

ஏப்ரல் 8

டேய்,

நலம்தான் என்று நினைக்கிறேன், தெரியவில்லை.

படகிலிருந்து கருவிப் பெட்டியோடு ஒருவர் இறங்கினார். முகம் பச்சை இலை நிறம். படித்துறையில் உட்கார்ந்து, முட்டிக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டார். 'கூண்டு மெக்கானிக் வந்தாச்சு' என்று அதிகாரி கத்தினார். நான் மேலே இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் நின்றிருந்தேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். படகு கிளம்பப் போகிறது. அவர் அதில் இல்லை. வேலை முடிய அடுத்த படகு வரை ஆகுமாம்.

அக்கா

ஏப்ரல் 29

என் அன்பு டமாரத்துக்கு,

நலம், நலம். இந்தப் படகில் உன் கடிதம் வரவில்லையே, ஏன்? உடம்பு சரியில்லையா? இதே படகில் அங்கே திரும்பப்போகிறவரிடம் கேட்டால் "பரீட்சை இருக்கும்" என்று வேறு பக்கம் பார்க்கிறார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் தலை நிமிர்ந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். ஏன் பிப்ரவரியில் வரவில்லை? தண்ணீர்க் குவளையை ஓரமாக வைத்தார். பிறகு, "சீட்டு சரியான நேரத்துக்குக் கிடைச்சுது. நான்தான் பயந்துட்டேன். மன்னிச்சுக்கோ" என்றார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாலு வருடமாக இந்தப் பயம் எனக்கு மட்டும் வந்த வியாதி என்று ஒளித்து வைத்திருந்தேன். அசையாத மனிதர் என்று நான் நினைத்தவருக்கும் அது உண்டு என்றதும், எனக்குப் பாதி இறங்கிவிட்டது.

அப்புறம் பத்து நாள் வேலையைத் தவிர அவர் வேறு பேசவில்லை. பழைய கயிற்றை இறக்கினார், கப்பிகளைப் பிரித்துத் துரு சுரண்டினார், புதிய கயிற்றை ஏற்றினார். நான் பலூன் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை எண்ணெயில் போட்டு எடுத்துக் கொடுப்பேன். பதினோராம் நாள் ஓட்டிப் பார்க்கும் நேரம். மூட்டையை வைத்துச் சோதிக்கச் சொன்னார் அதிகாரி. "வச்சுப் பாத்தாச்சு சார். ஆனா எங்க உதறுதுன்னு மூட்டைக்குச் சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இவரே ஏறி நின்றார். கீழே கடல் பொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கையில் துருக்கோடு விழுந்துவிட்டது. மேலே வந்து கண்ணைத் திறந்து, "நடுவுல லேசா உதறுது, ஒரு திருகாணி தளர்வு" என்றார். அவ்வளவுதான். மறுபடி முடுக்கி, மறுபடி ஏறினார்.

பிறகு புதிய அட்டை ஒன்றைக் கூண்டருகே தொங்கவிட்டு, ஏப்ரல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இன்னொரு கோடு, நிலையத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டு போட வேண்டியது. நான் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, கேட்டது நான்தான், டமாரம். அவர் இல்லை, நான்.

"கல்யாணத்துக்கும் இந்த மாதிரி அட்டை கிடைக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "எந்த லிஃப்டுக்கும் நாப்பது வருஷத்துக்கு யாரும் கையெழுத்துப் போடறதில்ல. மாசம் ஒண்ணு. பன்னெண்டு கட்டம் முடிஞ்சா அடுத்த அட்டையத் தொங்கவிடலாம். என் பையில நிறைய இருக்கு."

ஒரு மாதம் என்றால் எனக்கு மூச்சு முட்டவில்லை. மூன்று நாள் சொல்லத் தெரிந்தவள், முயன்றால் முப்பது நாள் சொல்ல மாட்டேனா?

செப்டம்பரில் வருகிறேன். அம்மாவிடம் நீயே சொல். டமாரம் அடிக்க இந்த ஒருமுறை அனுமதி.

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். அப்பா கிண்ணத்தை மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தார், சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல். நீயும் நலமாக இரு. இதைப் படித்த பிறகும்.

இனி வருவது அறிவிப்பு அல்ல. வாக்குமூலம்.

பத்தாம் தேதி மாலை, திருப்புளி, தழுதழுத்த குரல், கண்ணோரம் ஒரு துளி, எல்லாம் என் கைச்சரக்கு. அவர் கேட்கவே இல்லை, அக்கா. பிப்ரவரியில் நாலு முறை அவர் முன்னால் நடந்து பார்த்தேன், இருமிப் பார்த்தேன், உன் பெயர் போட்ட நோட்டைக் கீழே தவறவிட்டும் பார்த்தேன். எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

உறை மெலிதாக இருந்தது. சம்மதம் என்றால் நீ நாலு பக்கம் எழுதுவாய், வேண்டாம் என்று சொல்லத்தான் ஒரு தாள் போதும் என்று கணக்குப் போட்டேன். வேண்டாம் என்றால் அவர் வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த மனிதர் மோட்டார் அறைக்கு வராத மாதத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உனக்குத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. வேதியியல் புத்தகத்தில் ஒளித்தேன், நான் ஒருபோதும் திறக்காத இடம் அதுதான். இன்றில்லாவிட்டால் நாளை கேட்பார், அப்போது கொடுத்துவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று உனக்கு அப்படி எழுதினேன். உன் மார்ச் கடிதத்தைப் படித்த அன்று அவர் மோட்டார் அறைக்கு வந்திருந்தார், உறையை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினேன்.

அழுதேன். அதை மையத்தின் உறுப்பினர்களுக்குச் சொல்லாதே.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சாப்டியா?" என்றார். ஏன் சார் நீங்க ஒரு தடவைகூட அக்காவப் பத்திக் கேக்கல என்று நான்தான் கத்தினேன். நீ கிளம்பிய அன்று தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் நின்று, 'ஒன்பது மாசம் எதுவும் கேக்காதீங்க' என்றாயாம். கல்யாணப் பேச்சைத்தான் நீ சொல்லியிருப்பாய் என்று எனக்கே தெரிகிறது. இவருக்குத் தெரியாதா? "அவ மாட்டின பலகை. அவதான் கழற்றணும்" என்றார். நீயோ, அவர் கேட்டால்தான் கொடு என்கிறாய். இப்படி ஒரு ஜோடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

பிறகு சீட்டை மறுபடி பார்த்தார். நீ பலகையைக் கழற்றிவிட்டாய் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அக்கா எப்படி இருக்கா?" என்றார். குரல் தழுதழுக்கவெல்லாம் இல்லை, அக்கா. நான் அளந்த கதையில் இருந்ததைவிட ரொம்பச் சின்னக் குரல். உன் கடிதத்தில் கூண்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். எத்தனை இழை பிரிந்திருக்கிறது என்று கேட்டார். மறுநாளே கூண்டு வேலைக்குப் பெயர் கொடுத்தார். கிளம்பும்போது, "நீ எதுவும் எழுதாத, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டது எப்படி என்று உன் கடிதத்தில்தான் படித்தேன். என் பயத்தைத் தன் பயம் என்று சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். "முழுப் பொய் இல்ல. கடலப் பாத்தா எனக்கு பயம்தான்" என்றார். எழுதாதே என்றவரின் பேச்சை மீறி எழுதுகிறேன். இந்தப் பொய்ப் பலகையை மாட்டியவன் நான். அவர் தொட மாட்டார். நான்தானே கழற்ற வேண்டும்?

கோபம் வந்தால் என்மேல் வரட்டும். ஏப்ரல் கட்டத்தில் போட்ட கையெழுத்தை அழித்துவிடாதே. அவரை இனி என்ன முறை சொல்லி அழைப்பது என்றும் எழுது. 'மாமா' என்று ஒருமுறை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஷூ.

ஐந்தாம் மாடிப் பெண்ணும் நானும் ஒரு நாள்கூட லிஃப்டில் சேர்ந்து இறங்கியதில்லை. அவள் ஏறிவிடுவாளே என்ற பயத்தில் ஏழு மாதமாக நான் லிஃப்டையே தொடவில்லை. ஆறு மாடியும் படிதான், காலையும் மாலையும். பை பிடித்ததும் புளுகு. பலகை மாட்டியது குடியிருப்போர் உடல்நலத்துக்காக இல்லை. அவளும் படியில் வரட்டும், ஒரு வார்த்தை பேசலாம் என்றுதான் மாட்டினேன். அவள் வந்தாள். நான் குனிந்து ஷூ கயிறு கட்டினேன். அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை கட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏழு பேருக்கு வசனம் எழுதித் தந்தவன் இவன்தான்.

கண்ணை மூடிக்கொண்டு கூண்டில் ஏறினார் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் இன்று காலை லிஃப்டில் ஏறினேன். ஐந்தில் நின்றது. கதவு திறந்தது. அவள் உள்ளே வந்து என்னைப் பார்த்து, "ஓ, உனக்கு லிஃப்ட்ல வரத் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம். எட்டு வெற்றி கண்ட ஆலோசனை மையத்தின் தலைவர் வாயைத் திறந்து, ஐந்து மாடி இறங்கி முடிக்கும்வரை சொன்னது மொத்தம் ஒரே வார்த்தை.

"கீழதான்."

இப்படிக்கு,
டமாரம் என்று பெயர் மட்டும் உள்ள தம்பி